நனைந்த அட்டை

எங்கள் சித்தப்பா வீட்டு ஷோகேஸில் பத்து மாதம் நின்றிருந்த ஒரு பாட்டிலைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கூச்சம். குடியைப் பற்றி எழுதுவதில் உள்ள கூச்சம் அல்ல. அதைத் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் எப்போதோ கடந்துவிட்டன. அந்த பாட்டிலைத் திறந்த மாலையில் நான் உச்சரித்த ஒரு வார்த்தையைப் பற்றிய கூச்சம் அது.

திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே. பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவு ஊர். என் சிறுவயதில் விடியற்காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். பிறகு கைத்தறிகள் குறைந்து விசைத்தறிகள் வந்தன. இன்று எந்தத் தெருவில் நின்றாலும் அந்தச் சத்தம்தான். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி தாலுகா ஆந்திரத்தில் இருந்தது. படாஸ்கர் சிபாரிசின்படி எல்லை திருத்தப்பட்டபோது இந்தப் பக்கம் வந்தது. அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடுகள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடுவதால் குடியைப் பொறுத்தவரை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் இரண்டு சட்டங்கள், இரண்டு ருசிகள். 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்ட பிறகு இங்கிருந்து அங்கே போனார்கள். 1995இல் ஆந்திரத்தில் மதுவிலக்கு வந்ததும் அங்கிருந்து இங்கே வந்தார்கள். 1997இல் அதுவும் தளர்ந்தது. சட்டம் மாறும்போதெல்லாம் சாயங்கால பஸ்களில் கூட்டம் திசை மாறும்.

பாட்டிலைக் கொண்டுவந்தவன் என் அத்தை மகன். பர்மிங்ஹாமில் வேலையாக இருந்தவன், 1995 ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்தான். வரும்போது நான்கு பாட்டில் பேல் ஏல் கொண்டுவந்தான். மூன்று அப்போதே தீர்ந்துவிட்டது. நான்காவது, ஊரில் இல்லாத எனக்கு. "எழுத்தாளருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனானாம். கேலியாகத்தான் சொல்லியிருப்பான். சித்தி அதைச் சுண்ணாம்புப் பொம்மைகளுக்கும் பிளாஸ்டிக் தாஜ்மகாலுக்கும் நடுவில், ஜன்னலுக்கு நேர் எதிரே, ஷோகேஸில் வைத்தாள். நிறமற்ற கண்ணாடி பாட்டில். காலை வெயில் அதன் வழியே பாய்ந்தால் எதிர்ச் சுவரில் தேன் நிறத்தில் ஒரு வட்டம் விழும். அழகாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

நான் 1996 சித்திரையில்தான் ஊருக்குப் போனேன். சென்னையில் குமாஸ்தா வேலை. மாலை வேளைகளில் இலக்கிய விமர்சனம். ஆங்கில நாவல்கள் வழியாக எனக்குப் பேல் ஏலுடன் இருபது வருஷப் பழக்கம் இருந்தது, குடித்ததில்லை என்பது தவிர. ஹார்டியின் குடியானவர்கள் சத்திரத்தில் உட்கார்ந்து ஏல் குடிக்கும் பக்கங்களைப் படித்து, அதன் நிறம், நுரை, கசப்பு எல்லாவற்றையும் எனக்குள் தயாரித்து வைத்திருந்தேன். லேபிளில் 'இந்தியா' என்ற சொல் வேறு இருந்தது. மூடிக்குக் கீழே ஒரு தேதி அச்சாகியிருந்தது. அதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதற்கான தேதி அது. நான் அதை ஒயினுக்கு வருஷம் குறிப்பிடுவதுபோல் எண்ணிக்கொண்டு, தேதி கடந்திருந்ததில் திருப்தியே அடைந்தேன். பழசாகப் பழசாக உயரும் என்பது பொதுவாக இலக்கியம் படிப்பவனின் நம்பிக்கை.

மொட்டை மாடியில் நானும் சித்தப்பாவும் உட்கார்ந்தோம். பாட்டிலை ஈரத்துணி சுற்றிப் பானைத் தண்ணீரில் போட்டுக் குளிர்வித்திருந்தாள் சித்தி. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். நுரை எழுந்து உடனே அமுங்கியது. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டையான ஒரு இனிப்பு. அதன் மேல் வந்து நின்று நகராத ஒரு கசப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் பழைய காகிதம் போன்ற ஏதோ ஒன்று. ஆனால் வாயைத் திறந்தபோது வந்த வார்த்தை 'பிரமாதம்.'

சித்தப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவர் இளவயதில் ஆரணியில் பட்டுத்தறியில் இருந்தவர். "இன்னாடா இது, ஜக்கார்டு அட்ட மழையில நனஞ்சா மாதிரி கீது" என்றார்.

அவருக்குப் பழக்கமில்லை, இது பழகிய பிறகு தெரியும் ருசி என்று நான் விளக்கினேன். கசப்பின் நுட்பம் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மீதியை என் டம்ளரில் ஊற்றிவிட்டார். நான் முழுவதையும் குடித்தேன்.

சில வருஷங்கள் கழித்து, வேறு எதையோ தேடிப் போன நூலகத்தில், மதுவடித்தலின் ரசாயனம் பற்றிய ஒரு புத்தகம் கையில் அகப்பட்டது. பழுதடைந்த பியரின் சுவைகளைப் பட்டியலிட்டு விவரிக்கும் அத்தியாயம் ஒன்று அதில். நாட்பட்ட பியரின் முதல் அடையாளம் என்று போட்டிருந்தது: நனைந்த அட்டையின் வாசனை. நின்றபடியே அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். உலகத்து மதுவடிப்பாளர்கள் கூடி ஒப்புக்கொண்டிருந்த சொல்லைத்தான் எங்கள் மொட்டை மாடியில், முதல் வாயில், யாரையும் கேட்காமல் ஒருவர் சொல்லியிருந்தார். அவரை நான் திருத்தியிருந்தேன்.

அந்த வாசனைக்குக் காரணமான பொருளை 1970இல் அடையாளம் கண்டார்கள். டிரான்ஸ்-2-நோனினால் என்று பெயர். ஆயிரம் கோடிப் பங்கில் ஒரு பங்கு இருந்தாலே மனித நாக்கும் மூக்கும் கண்டுகொள்ளும் என்கிறார்கள். பார்லி மால்ட்டில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்வதால் உண்டாவது. இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பாட்டிலுக்குள் புகுந்துவிட்ட காற்று மட்டும் குற்றவாளி அல்ல. வடிக்கும்போதே இந்தப் பொருள் உருவாகி, வேறு பொருள்களோடு பிணைந்து, வாசனையே காட்டாமல் உள்ளே கிடக்கிறது. நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற, பிணைப்பு விட்டு வெளியே வருகிறது. புதிதாக இருக்கும்போதே பியர் தன் பழமையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு பழுது வெளிச்சத்தால் வருவது. ஹாப் என்ற கொடியின் பூதான் பியருக்குக் கசப்பும் மணமும் தருகிறது. அதன் கசப்புப் பொருள்கள் மேல் வெயில் பட்டால் உடைந்து, பியரிலேயே உள்ள கந்தகத்தோடு சேர்ந்து, துர்நாற்றமுள்ள வேறொன்றாகிவிடும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. நிறமற்ற கண்ணாடி தடுக்கவே தடுக்காது. நேர் வெயிலில் சில நிமிஷங்களே போதும். எங்கள் பாட்டிலுக்குப் பத்து மாதக் காலை வெயில் கிடைத்தது. ஆங்கிலப் புத்தகங்கள் இந்த நாற்றத்தை ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்கின்றன. அமெரிக்கப் பிராணி. நானோ என் வாசகர்களோ அதை முகர்ந்ததில்லை. ஆனாலும் அந்த உவமையை நம்மவர்கள் கூசாமல் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி அறிய எங்கள் வீட்டில் ரசாயனம் தேவைப்பட்டதில்லை. சாயம் தோய்த்த நூலை நிழலில் காயவிட வேண்டும் என்பது நைனா எனக்குச் சொன்ன முதல் தொழில் பாடம். வெயிலில் விட்டால் மேல்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் ஒரு நிறமாகப் போய், பாவில் கோடு விழும். அதே வீட்டில், அதே வெயிலில்தான் பாட்டில் நின்றது. நூலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது. அது பாட்டிலுக்கும் பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சீமைச் சரக்கு நம் விதிகளுக்கு அப்பாற்பட்டது என்ற நினைப்பாக இருக்கலாம்.

மூன்றாவது, சூடு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த மாற்றங்களின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். குளிர்பதனப் பெட்டியில் மாதக்கணக்கில் தாங்குவது, சாதாரண அறையில் வாரக்கணக்கிலும் மே மாத வெயிலில் நாள்கணக்கிலும்தான் தாங்கும். கப்பலில் வரும் பியரின் கதியை யோசித்துப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, சூயஸ் கால்வாயும் செங்கடலும் கடந்து, வாரக்கணக்கில் பயணம். பிறகு துறைமுகத்தில் காத்திருப்பு, கிடங்கில் காத்திருப்பு, கடை அலமாரியில் காத்திருப்பு. பேல் ஏலுக்கு மற்ற பியர்களைவிட இதில் நஷ்டம் அதிகம். அதன் உயிர் ஹாப்பின் மணத்தில் இருக்கிறது. முதலில் போவதும் அதுதான். மணத்தைத் தரும் எண்ணெய்களில் ஒரு பகுதியை பாட்டில் மூடியின் உட்பூச்சே உறிஞ்சிக்கொள்கிறது. கசப்பும் மெல்ல மழுங்குகிறது. மிஞ்சுவது மால்ட்டின் இனிப்பு, கருகிய சர்க்கரை வாடை, அட்டை. பெயர் மட்டும் லேபிளில் பழுதாகாமல் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை, இந்த மது வகையே கப்பல் பயணத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் மதுவடிசாலை நடத்தினார், 1752இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வாலுக்குப் பக்கம். கப்பல் தலைவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் இடம் நிறைய காலி, கூலி குறைவு. அப்படித்தான் அவர் பியர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. பயணத்தைத் தாங்குவதற்காகவே அவர் புதிதாக ஒரு பியரைக் கண்டுபிடித்தார் என்ற கதை பிரசித்தம், அதற்கு ஆதாரமில்லை. இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் அக்டோபரில் வடித்து ஒன்றிரண்டு வருஷம் பீப்பாயில் ஊறவிடும் ஒரு கெட்டியான, ஹாப் மிகுந்த பியர் முன்பே இருந்தது. அந்த வகையைத்தான் அனுப்பினார் என்று இப்போது சொல்கிறார்கள்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கு முதல் ஆறு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். பீப்பாய் கப்பலின் அடிவயிற்று இருட்டில் உருண்டபடி வரும். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, நொதித்தல் நின்றபாடில்லை, கிருமிகளை ஹாப் தடுக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வருஷத்தில் வரும் முதிர்ச்சி வெப்பத்தாலும் அசைவாலும் சில மாதங்களில் வந்துவிடும். சென்னையில் பீப்பாயைத் திறந்தபோது வெள்ளைக்கார அதிகாரிகள் குடித்தது பயணத்தால் கெட்ட சரக்கு அல்ல, பயணத்தால் கனிந்த சரக்கு. சிப்பாய்கள் பெரும்பாலும் போர்ட்டர் என்ற கறுப்பு பியரைத்தான் குடித்தார்கள். 1822இல் கம்பெனியின் இயக்குநர் ஒருவர் பர்ட்டன் நகரத்து ஆல்சாப்பிடம் ஹாட்ஜ்சனின் பியரைக் காட்டி அதேபோல் ஒன்று கேட்டாராம். முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் வடித்துப் பார்த்தார்களாம். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். ஹாப்பின் கசப்பு அதில் துலக்கமாக நிற்கும். சில வருஷங்களில் பர்ட்டன் சரக்கு சந்தையைப் பிடித்துவிட்டது. அதைக் குளிர்விக்க இங்கே ஆப்தார் என்று தனி ஆள் இருந்தான். வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டில்களைச் சுழற்றிக்கொண்டிருப்பது அவன் வேலை. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் வந்த பிறகு பாஸ்டன் பக்கத்து ஏரிப் பனிக்கட்டி அந்த வேலையைச் செய்தது. லண்டன் மதுவும் அமெரிக்கப் பனியும் சந்தித்துக்கொள்ளும் இடமாக இருந்தது சென்னை.

பழைய பேல் ஏலுக்கும் எங்கள் ஷோகேஸ் பாட்டிலுக்கும் பெயர் ஒன்றுதான். பழையது தாமதமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்து செய்யப்பட்டது. தாமதம் அதன் செய்முறையில் ஒரு பகுதி. இன்றையதோ வடித்த சில வாரங்களுக்குள், குளிர் குறையாமல் குடிப்பதற்காகச் செய்யப்படுவது. பெரும்பாலும் வடிகட்டி ஈஸ்ட்டை நீக்கிவிடுகிறார்கள். மேலும் வளர்வதற்கு அதற்குள் உயிர் இல்லை. தேய்வது மட்டும்தான் பாக்கி. கடல் பயணம் ஒன்றைக் கனிய வைத்தது, மற்றதைக் கொன்றது.

கடல் கடந்து வந்த மதுவுக்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பழைய சாட்சி உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்திருக்கும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். குளிர்ச்சியும் நறுமணமும் உடைய மது என்கிறார். 1945இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சில கிரேக்கத் தீவான கோஸின் வகையைச் சேர்ந்தவை. கோஸ் ஒயின் கெடாமலிருக்கக் கடல்தண்ணீர் கலப்பது வழக்கம். ரோமானியரான கேட்டோ அதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். செங்கடல் வாயிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வழியை யார் எண்ணுவது? உப்புக் கரித்துக்கொண்டு, நீண்ட வெயிலைக் கடந்து வந்த மது எப்படி மணத்திருக்கும்? நக்கீரர் குடித்துப் பார்த்துத்தான் பாடினாரா, பொற்கிண்ணத்தைப் பார்த்துப் பாடினாரா என்று ஒரு காலத்தில் நான் கேட்டிருப்பேன். இப்போது கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அந்த உப்பும் பயணத்துக்காகவே சேர்க்கப்பட்டதுதான். ஒருவேளை உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தே 'பிரமாதம்' சொன்னவனுக்கு அவரைச் சந்தேகிக்க என்ன யோக்கியதை?

சித்தப்பாவின் நாக்கு எங்கே பயின்றது என்றும் யோசித்திருக்கிறேன். அவர் எல்லை தாண்டி ஈச்சங்கள் குடிக்கப் போகிறவர். இருட்டோடு கிளம்பி, மரத்திலிருந்து இறக்குகிற நேரத்துக்கு அங்கே இருப்பார். "ஏழு மணிக்கு மேல அது கள்ளு இல்லடா, காடி" என்பார். அது மிகை என்றாலும் திசை சரி. பாளையிலோ மரத்திலோ சொட்டும் சாறு பானையில் விழுந்த கணத்திலிருந்து புளிக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்பு தடவிய பானை என்றால் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்; மறுநாள் காடி. கள்ளுக்கு ஏற்றுமதி கிடையாது, லேபிள் கிடையாது. எந்த மரம், எந்த நேரம், எவன் இறக்கியது என்பதுதான் அதன் விலாசம். இப்படி மணிக்கணக்கில் ருசி மாறுவதைக் கவனித்துப் பழகிய நாக்குக்கு, எந்த பானமானாலும் அதன் வயது முதலில் தெரிந்துவிடும். பழக்கமில்லாத நாக்கு என்று நான் அவரைச் சொன்னேன். உண்மையில் பழக்கமில்லாத நாக்கு என்னுடையது. அது படிப்பில் பழகியிருந்தது.

இங்கே இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1980களில் ஒரு சிறுபத்திரிகையில், பிரெஞ்சுக் கவிதைகளின் தமிழாக்கம் ஒன்றுக்கு நான் மதிப்புரை எழுதினேன். ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தவை. படிக்கும்போது எனக்கு வாயில் காகிதம் மென்றது போலிருந்தது. நான் எழுதியது, 'நுட்பமான வறட்சி.' மூலத்தின் மீதுள்ள மரியாதை, கேள்விப்பட்ட பெயர்களின் பாரம், பிடிக்கவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து எழுதிய வார்த்தை. அந்த மதிப்புரையைப் படித்துவிட்டு ஒரு இளம் கவிஞர் அதே வறட்சியோடு இரண்டு வருஷம் எழுதினார். அவர் அதை நல்ல குணம் என்று நம்பினார். பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார். என்னால்தான் என்று சொல்வது என்னைப் பெரிதாக்கிக்கொள்வதாகும். எனக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியவில்லை. மொட்டை மாடியில் நான் சொன்னது ஒரு டம்ளரோடு போயிற்று. அச்சில் சொன்னது அப்படிப் போகவில்லை.

பல வருஷங்கள் கழித்து, 2013 என்று ஞாபகம், பெங்களூரில் வேலையாக இருக்கும் என் தங்கை மகன் ஒரு கடைக்கு அழைத்துப்போனான். அங்கேயே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தாமிரக் கொப்பரைகளில் வடிக்கிறார்கள். இந்தியா பேல் ஏல் என்று எழுதியிருந்தது. வேண்டாம் என்றேன், அவன் விடவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் நார்த்தை இலையைக் கசக்கினால் எழுகிற மணம். பிறகு பச்சை மாங்காய். கசப்பு முன்னால் வந்து நிற்காமல், தொண்டையைத் தாண்டிய பிறகு மெல்ல எழுந்தது. அறுபதை நெருங்கும் வயதில் பேல் ஏலை முதல் முறையாகக் குடித்தேன். முன்பு நான் புகழ்ந்தது அதன் பிணத்தை.

அது பெங்களூரில் வடித்ததென்றாலும் முழுக்க இந்தியச் சரக்கு அல்ல. தெற்கில் ஹாப் விளையாது. இமாசலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது. இந்தக் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளைந்து, உலர்த்தி, உருண்டைகளாக அழுத்தி, காற்றை நீக்கி, குளிரில் வைத்து அனுப்பப்படுவது. பூ கடலைக் கடந்துவிடுகிறது. வடித்த பியருக்குத்தான் அது முடிவதில்லை. வந்த பூவை இங்கே உள்ள தண்ணீரில் போட்டு, இங்கே புளிக்க வைத்து, இங்கேயே குடிக்கிறார்கள். 1857இலேயே நீலகிரியில் மதுவடிசாலை இருந்தது. 1915இல் அது உள்பட ஐந்து வடிசாலைகள் சேர்ந்து யுனைடெட் புரூவரீஸ் ஆயின. எவ்வளவோ காலமாக இங்கேயே வடிக்கத் தெரிந்திருந்தும், கப்பலில் வந்தது என்ற சொல்லுக்கு இருந்த கிறக்கம் போகவில்லை.

இதை வைத்துக்கொண்டு இலக்கியத்தில் இறக்குமதியே கூடாது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சாட்சி சொல்லப் போவதில்லை. ருஷ்ய நாவல்கள் இரண்டு மொழி தாண்டி, மலிவுத்தாளில், அச்சுப் பிழைகளோடு எங்கள் ஊருக்கு வந்தன. வந்தபோதும் உள்ளே நொதித்துக்கொண்டிருந்தன. 1924இன் சர்ரியலிச அறிக்கையை ஐம்பது வருஷம் கழித்துத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் வாசித்தபோது, அதன் கோபம் யார் மேல் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில், அந்தத் தெருவில் குடித்துவிட வேண்டியது அது. எழுதியவர்களின் குற்றமில்லை. தேதி அச்சிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அதைப் பெருமைக்குரிய வருஷமாக நாங்கள் படித்தோம்.

ஒரு பானமோ கவிதையோ ஏமாற்றம் தரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று இப்போது நினைக்கிறேன். சரக்கு வழியில் கெட்டதா? என் நாக்குக்குப் பயிற்சி போதவில்லையா? கேள்விப்பட்டது மிதமிஞ்சிப் போயிற்றா? இந்த மூன்றும் ஒரே டம்ளரில் கலந்தே வரும். பிரித்தறிவதுதான் விமர்சனத்தின் வேலை. ஆனால் அதற்கு முன்பு ஒரு காரியம் இருக்கிறது: இது எனக்கு இப்படி இருக்கிறது என்று சொல்வது. அதைச் சொல்லாதவனுக்குப் பிரித்தறிய எதுவும் மிஞ்சுவதில்லை. சித்தப்பா வெள்ளைக்காரன் சரக்கே இப்படித்தான் என்று சொல்லவில்லை. இதைவிட நம் கள் உசத்தி என்றும் சொல்லவில்லை. இந்த டம்ளர் நனைந்த அட்டை மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவுதான். தன் கை பழகிய பொருளிலிருந்து உவமை எடுத்தார், அது குறி தவறாமல் போய் நின்றது. நான் முப்பது வருஷம் எழுதிய விமர்சனத்தில் அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொல்ல நினைத்திருந்தேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகும் இரண்டு முறை ஊருக்குப் போனேன். இரண்டு முறையும் அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சு நூல் விலை பற்றியும் மின்வெட்டு பற்றியும் போயிற்று. இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை நாள் கழித்து எடுப்பது விநோதமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். 2004இல் அவர் காலமானார்.

காலி பாட்டிலைச் சித்தி எறியவில்லை. தறிக்கு விடுகிற எண்ணெயை அதில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறாள். லேபிள் எப்போதோ உரிந்துவிட்டது. காலையில் எதிர்ச் சுவரில் அந்தத் தேன் நிற வட்டம் இப்போதும் விழுகிறது. வெயில் படும்படி வைத்திருக்கிறாயே என்றேன் போன முறை. "எண்ணெய்க்கு இன்னாடா ஆவும்?" என்றாள்.